கட்டும் கரண்டியும்

கீரைக்கு விலை ஏறுவது அபூர்வம், கட்டுதான் இளைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தியில் நீர் தேங்கி வேர் அழுகும் நாட்களில், அதே பதினைந்து ரூபாய்க்கு வரும் சிறுகீரைக் கட்டு பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அடங்கிவிடும். தை பிறந்து மழை ஓய்ந்ததும் அதே விலைக்கு இரண்டு கையாலும் ஏந்தி வாங்குகிற கட்டு வரும். கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் எடை நிலையாக நிற்கிறது, விலை ஆடுகிறது. கீரைக்கு விலை நிலையாக நிற்கிறது, அளவு ஆடுகிறது. எண்ணிச் செலவு செய்கிற வீட்டுக்கு இது ஒரு நிம்மதி. கீரை வாங்கினால் இவ்வளவுதான் ஆகும் என்பது முந்தின நாளே தெரியும். ஆனால் பாத்தியில் ஏற்பட்ட குறைவு எங்கேயும் போய்விடவில்லை. அது பணப்பையைத் தொடாமல் கட்டுக்குள் புகுந்து சமையலறைக்கு வந்துவிடுகிறது. அங்கிருந்து அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றித்தான் கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எடை, அளவுச் சட்டம் 1956-இல் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாற்பது பலம் கொண்ட வீசை போயிற்று, படி போயிற்று, ஆழாக்கு சில வீடுகளில் அரிசிப் பானைக்குள் மட்டும் மிஞ்சியது. கீரைக்கட்டு மட்டும் அசையவில்லை. இதைச் சந்தையின் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அறுத்த கணத்திலிருந்து அந்தத் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. விடிகாலையில் நிறுத்த எடை உச்சிவேளையில் இருக்காது. நடுவில் சாக்கை நனைத்துப் போர்த்தி, ஒரு சொம்பு தண்ணீரைத் தெளித்தால் எடை மறுபடி கூடும். ஆனால் இலை ஒன்றுகூட அதிகமாகியிருக்காது. தராசில் வைத்தால் வாங்குபவர் தண்ணீருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பார். கட்டோ, வயலில் பிடுங்கும்போதே கையின் பிடிக்குள் அளக்கப்பட்டு வாழைநாரால் இறுக்கப்பட்டுவிடுகிறது. இலை வாடலாம், கட்டிலுள்ள செடிகளின் எண்ணிக்கை வாடாது. நிலையாக நிற்காத பொருளுக்குக் கை கண்டுபிடித்த அளவு இது. இன்றைக்கு நாரின் இடத்தில் ரப்பர் பேண்டு வந்திருக்கிறது. அது தண்டை நெரித்துக் கருக்கிவிடுவதால் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒவ்வொரு கீரைக்கும் அதனதன் கட்டு உண்டு. முளைக்கீரை வேரும் மண்ணுமாகத் தடித்த கட்டாக வரும். வெந்தயக்கீரை விரல் பருமனில் வரும். வல்லாரை சிறு முடிச்சு. முருங்கைக்கீரையும் அகத்தியும் கொத்து. தூதுவளைக்கு முள் இருப்பதால் யாரும் இறுக்கிக் கட்டுவதில்லை, ஒரு பிடி என்று அள்ளிக் கொடுப்பார்கள். புளிச்சகீரைக்குத் தண்டு நீளம் என்பதால் கட்டு பெரிதாகத் தெரியும், ஆய்ந்தால் பாதிகூடத் தேறாது. கறிவேப்பிலை மட்டும் இந்த வரிசையில் சேராமல், பல இடங்களில் இன்னும் கொசுறாகவே வந்துகொண்டிருக்கிறது.

கட்டின் பருமனைப் பார்த்து வாங்கினால் தண்டைத்தான் வாங்குவோம். பார்க்க வேண்டியது வயதை. எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரப் பாட்டி கட்டைப் பிரிக்க விடமாட்டார். “பிரிச்சா எனக்குத் திரும்பக் கட்ட வராது தாயி. வேர மட்டும் பாரு. இன்னிக்குப் புடுங்குனதுன்னா மண்ணு ஈரமா ஒட்டியிருக்கும். காஞ்சு உதுந்துச்சுன்னா நேத்துக் கீர.” சரியான வழி அது. வேரில் ஒட்டிய மண்ணைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கலாம்தான். ஆனால் அப்போது இலையும் நனைந்திருக்கும். மண் ஈரமாகவும் இலையின் மேல்புறம் உலர்ந்தும் இருக்கும் கட்டு நம்பத்தக்கது. விரலைக் கட்டின் நடுவில் விட்டுப் பார்ப்பதும் நல்லது. நெருக்கி அடுக்கிய கீரை உள்ளுக்குள் சூடாகும். சூடான இடத்தில் மஞ்சள் தொடங்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

முளைக்கீரையை விதைத்த மூன்று நான்கு வாரத்துக்குள் வேரோடு பிடுங்கிவிடுகிறார்கள், அதனால் அதில் ஏமாற வாய்ப்புக் குறைவு. அரைக்கீரை வேறு மாதிரி. அறுத்த அடிக்கட்டையிலிருந்து பக்கக்கிளை விடும், அதை அறுத்தால் மறுபடி விடும். ஒரே பாத்தியிலிருந்து வாரக்கணக்கில் கீரை கிடைக்கும். விற்பவருக்கு எல்லா அறுப்பும் அரைக்கீரைதான். சமைப்பவருக்கு முதல் அறுப்பு வெண்ணெயாகக் கடையும், கடைசி அறுப்பு நாராகப் பல்லில் நிற்கும். எந்த அறுப்பு என்று கண்டுபிடிக்கத் தண்டின் அடியை வளைத்துப் பார்க்க வேண்டும். பட்டென்று ஒடிந்தால் இளசு. நார் விட்டு இழுத்தால் முற்றல். இலைக்கும் தண்டுக்கும் நடுவே, கக்கத்தில், பச்சையாகச் சின்னஞ்சிறு பூக்கொத்துத் திரண்டிருந்தால் அந்தச் செடி இலைக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டது; விதைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விட்டுவிடலாம். மணத்தக்காளிக்கு இது பொருந்தாது. அதன் பூவும் காயும் கீரையோடு வெந்துவிடும், காயின் இளங்கசப்பு சேர்ந்தால்தான் எனக்கு அது மணத்தக்காளி.

இலையில் ஓட்டை இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நம்மைவிட முன்னால் ஒரு புழு ருசி பார்த்திருக்கிறது, அவ்வளவே. இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் வெள்ளைக் கொப்புளங்கள் இருந்தால் அது வெண்துரு நோய், சில இலைகளோடு நிற்காது. இலைகளைச் சேர்த்துத் தைத்ததுபோல நூலாம்படை இருந்தால் உள்ளே புழு இருக்கும். இதையெல்லாம் கடையில் பிளாஸ்டிக் உறைக்குள் நூறு கிராம் என்று அச்சிட்டு வரும் ஆய்ந்த கீரையில் பார்க்க வழியில்லை. எடை துல்லியமாக இருக்கிறது. வேர் இல்லை, தண்டு இல்லை, கணு இல்லை. கீரையின் வயதைச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டு எடையை மட்டும் நம்மிடம் கொடுக்கிறார்கள். நேரமில்லாதவர்கள் அதை வாங்குவதில் எனக்குக் குறை சொல்ல ஏதுமில்லை. என் மனம் மட்டும் அதில் நிறைவதில்லை.

கணுவைப் பார்க்கத் தெரிந்த கண் நமக்கு இன்று நேற்று வந்ததில்லை. புறநானூற்றின் 159-ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார் தன் வீட்டு வறுமையைக் குமண வள்ளலிடம் சொல்கிறார். அதில் பசித்த மனைவி குப்பைமேட்டில் முளைத்த கீரையைப் பறிக்கிறாள். ஏற்கெனவே கொய்த இடத்தில் மறுபடி துளிர்த்த, இன்னும் முற்றாத தளிராகப் பார்த்துப் பறிக்கிறாள். உப்பில்லாமல், மோரில்லாமல், சோறு என்பதையே மறந்து அந்தப் பச்சிலையை வேகவைத்துத் தின்கிறாள். இடுப்பில் குழந்தைகள்; அவர்கள் பிசைந்து உண்டு வாடிய முலை. இந்தப் பாட்டைப் படிக்கும்போதெல்லாம் வறுமையைவிட அந்தத் தேர்வுதான் என்னை நிறுத்துகிறது. அத்தனை பசியிலும் அவள் முற்றலைத் தள்ளிவிட்டு இளசைத் தேடியிருக்கிறாள். முந்தைய முறையும் அங்கே அவளே வந்து கிள்ளியிருக்க வேண்டும். கணு எத்தனை நாளில் துளிர்க்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் அரைக்கீரை அறுப்பை எண்ணத் தெரிந்த ஒருத்தியை நமக்குக் காட்டியிருக்கிறார் புலவர். அவள் பாலூட்டும் தாய் என்பதையும் சேர்த்தே காட்டியிருக்கிறார்.

கட்டை ஆய்ந்து முடித்ததும் முதல் குறைவு. வேரும் அடித்தண்டும் போகும். தண்டுக்கீரையாக இருந்தால் தண்டை நாருரித்துச் சாம்பாருக்கு எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் அது ஆட்டுக்கு. அதன்பின் சட்டியில் ஏற்றும்போது இரண்டாவது குறைவு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை, அங்கே கீரை என்றால் முதலில் நினைவுக்கு வரும் பாலக் இலைக்குக் கணக்குத் தருகிறது: பச்சையாக ஒரு கோப்பை 30 கிராம், வெந்தபின் ஒரு கோப்பை 180 கிராம். அதாவது ஆறு கோப்பைக்குக் குறையாத பச்சை இலை ஒரு கோப்பையாகச் சுருங்கும். நம்முடைய முளைக்கீரையும் சிறுகீரையும் இதற்குப் பக்கத்தில்தான் வரும். மேடாகக் குவித்துச் சட்டியின் விளிம்பைத் தாண்டி நின்ற கீரை சில நிமிடங்களில் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது.

அதனால்தான் கீரைக்கு உப்பை முதலில் போடக் கூடாது என்பார்கள். குவியலைப் பார்த்துப் போட்ட உப்பு சுருங்கிய கீரையில் கரிக்கும். வாடி இறங்கிய பிறகு, மத்தை எடுக்கும் முன்பு, கண்ணுக்குப் போதாது என்று தோன்றுகிற அளவு போட்டால் சரியாக இருக்கும். கீரைக்கு இயல்பாகவே ஓர் உவர்ப்பு உண்டு. தண்ணீரும் அப்படியே. அலசிய இலையில் ஒட்டிய நீரே போதும், மிஞ்சினால் ஒரு கை தெளிக்கலாம். நிறைய ஊற்றி வேகவைத்து வடித்தால், கீரையிலிருந்து நீரில் கரையும் சத்துகள் வடித்த தண்ணீரோடு போய்விடும். மூடாமல் வேகவை என்று வீட்டில் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இலை வேகும்போது அதிலுள்ள அமிலம் ஆவியாக வெளியேறும். மூடினால் அது திரும்பச் சட்டியில் விழுந்து பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியே தள்ளிவிடும். நிறம் பாசியாக மங்கும். சோடா உப்பு போட்டால் பச்சை நிற்கும், ஆனால் சி வைட்டமினும் தயாமினும் அழியும். நிறத்துக்காக அதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை.

கீரையை அறிவியலும் நிறுத்துப் பார்த்தது. அந்தத் தராசுகளில் ஒன்று நம் நீலகிரியில் இருந்தது. 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1937-இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் அங்கிருந்தபடி இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அதன் வழிவந்த பழைய அட்டவணைகளில் நூறு கிராம் பாலக்கீரையில் இரும்புச்சத்து ஏறத்தாழ 11 மில்லிகிராம் என்று இருந்தது. பிந்தைய பதிப்பில் அது ஒன்றுக்குச் சற்று மேலாக இறங்கியது. 2017-இல் வந்த புதிய அட்டவணையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அளக்கும் முறைகள் திருந்தியது ஒரு காரணம். இன்னொன்று மண். இலையில் ஒட்டிய புழுதியிலும் இரும்பு இருக்கிறது. அது சோதனைக் குழாயில் இரும்பாகத்தான் தெரியும், உடம்புக்கு மட்டும் கிடைக்காது. பாட்டி காட்டிய வேர் மண் கீரையின் வயதைச் சொல்கிறது. அதே மண் ஆய்வுக்கூடத்துக்குள் போனால் கணக்கையே மாற்றிவிடுகிறது. மூன்று நான்கு முறை அலசுங்கள் என்று சொல்வதற்கு மணல் நெறுநெறுப்பு மட்டும் காரணமில்லை என்று அறிந்தபோது, அந்த வேலையில் எனக்கிருந்த சலிப்பு குறைந்துவிட்டது.

கீரையில் கண்டெடுத்த இன்னொரு சத்தின் கதை இதைவிட நமக்கு நெருக்கமானது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இரத்தம் குன்றி இறந்துகொண்டிருந்தார்கள், காரணம் தெரியவில்லை. அவர் குன்னூர் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். 1931-இல் சென்னையில், இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்தார். அந்த இரத்தக்குறைவு கிருமியின் வேலை இல்லை, சாப்பாட்டின் குறை என்று கண்டுகொண்டார். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மார்மைட்டைக் கொடுத்ததும் பெண்கள் தேறினார்கள். அதில் என்ன இருந்தது என்பதற்கு விடை கிடைக்க ஒரு பத்தாண்டு ஆயிற்று. 1941-இல் டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் நான்கு டன் பாலக்கீரையை வடித்துச் செறித்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். நான்கு டன் கீரை, கையளவுகூடத் தேறாத ஒரு பொருளுக்காக. அதைத் தொழிற்கூடத்தில் செய்துகாட்டிய குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். உடன்பிறந்தவர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர்; அந்த நோய்க்கும் மருந்தானது இதே அமிலம்தான். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்குள் இதுவும் சேர்ந்திருக்கிறது.

மாத்திரை வந்து இத்தனை காலம் ஆன பிறகும், 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. கீரை மட்டும் தின்றால் இது தீராது. கீரையின் இரும்பை உடல் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி அதையும் தடுக்கும். ஆனாலும் சட்டியைத் திறந்து பார்க்காமல் இந்த எண்ணைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

மழைக்காலத்து மெலிந்த கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆய்ந்தபின் ஒன்றரைக் கை. கடைந்தபின் ஒரு கிண்ணம். வீட்டில் நான்கு பேர். கணவருக்கு இரண்டு கரண்டி, நெய்யோடு. வளர்கிற பிள்ளைக்குச் சோற்றில் பிசைந்து ஒரு கரண்டி. பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு, அவள் முகம் சுளிக்க, ஒன்று. கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதில் சமைத்தவள் சோற்றைப் போட்டுத் துடைத்துச் சாப்பிடுகிறாள். அந்தச் சோறு மிகவும் ருசியாக இருக்கும் என்பார்கள்; இருக்கும்தான். பாத்தியில் தொடங்கிய குறைவு கட்டு, சட்டி, கரண்டி என்று இறங்கி அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கட்டின் அளவு கையை நம்புகிறது, கரண்டியின் அளவு அன்பை நம்புகிறது. இரண்டுமே பரிமாறுகிறவளின் தட்டை அளப்பதில்லை. கட்டை மதிக்கிற நானே இந்த இடத்தில் தராசு வேண்டும் என்பேன். வளர்ந்த பெண்ணுக்கு நாளுக்கு 100 கிராம் கீரை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது. ஆய்ந்த பச்சைக் கீரையின் எடை அது. அந்த எண்ணுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு: வீட்டில் யார் முதலில் சாப்பிடுவார், யார் கடைசி என்று அது கேட்பதில்லை.

நான்கு பேருக்கு 400 கிராம் என்றால், நல்ல காலத்திலேயே ஒரு கட்டில் அடங்காது. மழைநாளில் மூன்று கட்டுகூட ஆகலாம். அந்த அளவை எட்டாவிட்டாலும், நடைமுறையில் நான் சொல்லக்கூடியது இரண்டு நாளுக்கு இரண்டு கட்டு. இரண்டும் ஒரே கீரையாக வேண்டாம். ஒன்று வேரோடு இருக்கும் முளைக்கீரை, அன்றைக்கே கடைய. இன்னொன்று முருங்கையோ பொன்னாங்கண்ணியோ, மறுநாள் பொரியலுக்கு. மறுநாளுக்கானதை அலசக் கூடாது. ஈரம் பட்டால் இரவுக்குள் அழுகும். கட்டை அவிழ்த்து, மஞ்சள் இலைகளைப் பொறுக்கிவிட்டு, செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி வைக்கலாம். முருங்கைக்கொத்தைத் துணியில் சுற்றி வைத்தால் காலையில் இலையெல்லாம் தானே உதிர்ந்து கிடக்கும், உருவுகிற வேலை மிச்சம். வேரோடு இருக்கும் கீரையை மறுநாளுக்கு வைக்க நேர்ந்தால் வேர் மட்டும் நனைகிற அளவுக்குத் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். கடைந்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், சமைத்தவருக்கான பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடிவிட வேண்டும். அந்தக் கிண்ணத்தில் எலுமிச்சை பிழிவதானால் சாப்பிடும்போதுதான் பிழிய வேண்டும்; முன்னமே பிழிந்தால் கீரை நிறம் மாறிவிடும்.